ஒருமுறை எழும்பினால் போதுமா?

கன்வென்ஷன் மண்டபத்தில் என் கை உயர்ந்ததை முதலில் கண்டது என் மனைவி செல்வராணி. அதற்குப் பிறகுதான் நான் கண்டேன்.

வெளியே கண்டி மழை. தகரக் கூரையில் அது கொட்டிய சத்தத்தில் பிரசங்கியாரின் பேச்சு பாதிதான் காதில் விழுந்தது. ஈரக் குடைகளின் வாடை. முன் கதிரையில் இருந்தவரின் ஸ்வெட்டரிலிருந்து பூச்சி உருண்டை மணம். பியானோக்காரர் மெதுவாக ஏதோ வாசிக்கத் தொடங்கினார். அவர் அப்படித் தொடங்கினால் முன்னே வரச்சொல்லி அழைப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

"எல்லாரும் கண்களை மூடிக்கொள்ளுங்கள்" என்றார் பிரசங்கியார். "இந்த நிமிஷமே உயிர் போனால் எங்கே போவோம் என்று நிச்சயம் இல்லாதவர்கள் கையை மட்டும் உயர்த்துங்கள்."

நான் கணக்கு வாத்தியார். நிச்சயமா என்று ஒருவர் கேட்டால், இல்லை என்றுதான் எனக்குச் சொல்ல வரும். கை போய்விட்டது.

செல்வராணி கண்ணை மூடியபடியே என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "கையைக் கீழ போடுங்கோ. நீங்கள் சபைச் செயலாளர்."

"எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுத்தானே இருக்காங்க."

"அப்ப நான் எப்பிடிக் கண்டனான்?"

அதற்குள் மேடையிலிருந்து குரல் வந்துவிட்டது. "பின்வரிசையில் நீலச் சட்டை போட்ட சகோதரரே, ஆண்டவர் உங்களைக் கண்டுவிட்டார். முன்னே வாருங்கள்." ஆண்டவரோடு சேர்ந்து முழுச் சபையும் என்னைக் கண்டது. கண்ணை மூடச் சொன்னால் நம் ஆட்கள் எவ்வளவு மூடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

முன்னே போனவர்களைப் பக்கத்து அறையில் உட்கார வைத்து ஆளுக்கொரு ஆலோசகரைக் கொடுத்தார்கள். எனக்கு வந்தவள் ஷாமினி. இப்போது வங்கியில் பெரிய உத்தியோகம். ஒரு காலத்தில் ஞாயிறு பாடசாலையில் என் மாணவி.

"சேர், நீங்களா? நான் வேற யாரையும் அனுப்பவா?"

"பரவாயில்லம்மா. தொடங்கு."

அவள் கையிலிருந்த சிறு புத்தகத்தைத் திறந்து முதல் கேள்வியைக் கேட்டாள். "கடவுள் உங்களை நேசிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. நான்தான் ஒனக்குச் சொல்லிக் குடுத்தேன்."

பாவம், அவள் முகம் சிவந்துவிட்டது. மறுவாரம் தொலைபேசியிலும் அழைத்தாள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களை விசாரிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். புதிதாக வந்தவனுக்கு வயது அறுபதை நெருங்குகிறது.

நான் எழும்பிய கதை

சில வாசகர்கள், இவர் எல்லாவற்றையும் பெரிதாக்கி எழுதுகிறார் என்று குறை சொல்கிறார்கள். இந்த விஷயத்தில் நான் குறைத்துத்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை நான் இரட்சிக்கப்பட்டது, அதாவது ஆண்டவருக்கென்று எழும்பி நின்றது, வத்தேகமைக்கு மேலே எங்கள் தோட்டத்தில். அப்பா அங்கே தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குபவராக இருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் சுவரில் வெள்ளைச் சேலை கட்டி, யாரோ வந்து படம் காட்டினார்கள். நரகம் நல்ல செம்மஞ்சள் நிறம். விளக்குப் போடுவதற்கு முன்பே நான் எழும்பி நின்றுவிட்டேன்.

அடுத்தது உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மாதம். அது பெறுபேறு வரும்வரை தாங்கியது.

பிறகு பேராதனையில் மாணவனாக இருந்தபோது. அந்தக் கூட்டத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி கையை உயர்த்தினாள். அவள் தனியாக முன்னே போவாளே என்ற கரிசனையில் நானும் போனேன். திரும்பிப் பார்த்தால், அவள் தலைமுடியைத்தான் சரி செய்திருக்கிறாள். அவள் பெயர் என்ன என்று செல்வராணி இன்றுவரை கேட்கிறாள்.

நம்புங்கள், ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ மாறத்தான் செய்தது. இரண்டு வாரம் மனிதர்கள் எல்லாரும் அழகாகத் தெரிவார்கள். பிறகு குண்டசாலை பஸ்ஸில் யாராவது என் காலை மிதிப்பார்கள். நான் மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லுவேன். போச்சு என்று நினைப்பேன். திரும்பவும் முதலிலிருந்து.

செல்வராணிக்கு இந்த வியாதி கிடையாது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது அவள் ஒரு தடவை எழும்பியிருக்கிறாள். "நான் ஒருக்கா எழும்பினனான். அவர் கண்டவர். பிறகென்ன?" என்பாள். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று வீட்டைப் பூட்டிய பிறகு திரும்பிப் போய்ப் பார்ப்பதும் நான்தான். அவள் போகமாட்டாள்.

தாஸ்

என் தம்பி தாஸும் ஒரு தடவைதான் எழும்பினான். பதினேழு வயதில். நானும் அன்று எழும்பினேன் என்றாலும் என்னைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அவன் எழும்பியது வேறு மாதிரி. அதற்குப் பிறகு அவன் பேசினால் ஆட்கள் நின்று கேட்டார்கள். தோட்டங்களிலிருந்து லொறி பிடித்து வந்தார்கள். வத்தேகமைச் சந்தைக்குப் பக்கத்தில் அவன் பிரசங்கம் செய்தபோது மரக்கறி நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தராசைக் கீழே வைத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அம்மா கூட்டத்தின் கடைசியில் நின்று, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்பார்.

நாற்பது வயதை நெருங்கும்போது நிறுத்திவிட்டான். சண்டை இல்லை, துக்கம் இல்லை, ஊர் பேசும்படி எதுவும் இல்லை. பேராதனைச் சந்தியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது என்னிடம் சொன்னான்.

"அண்ணே, நான் ஜெபம் பண்றப்ப அந்தப் பக்கம் யாரும் இல்லாத மாதிரி இருக்கு. கொஞ்ச நாளாவே. இனிமே மேடையில நின்னா பொய் சொல்றதா ஆயிரும்."

ரயில் வந்தது, ஏறினோம். முறுக்குக்காரனைக் கூப்பிட்டு முறுக்கு வாங்கினேன்.

அவன் பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி தொடங்கினான். ஞாயிறுதோறும் தவறாமல் எங்கள் வீட்டிலிருந்து அம்மாவை ஏற்றி, சபைக் கோயில் வாசலில் கொண்டுவந்து இறக்குவான். ஆராதனை முடியும்வரை வண்டிக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். மழையென்றால் குடையோடு வந்து அழைத்துப் போவான். உள்ளே மட்டும் வரமாட்டான்.

இரண்டு கட்சி

செயலாளருக்கே நிச்சயமில்லை என்பது வெளியே வந்துவிட்டதால், எங்கள் போதகர் ஒரு வேதபாட வரிசை தொடங்கினார். பெற்ற இரட்சிப்பு நிலையானதா, இழந்து போகக்கூடியதா என்பது தலைப்பு. இடம், வெட்கத்துக்குரிய என் வீடு.

இழக்க முடியாது என்ற கட்சிக்கு அருள்நாயகம் ஐயா. யாழ்ப்பாணத்தவர், ஓய்வு பெற்ற பொறியியலாளர். அவர் கட்டிய பாலம் எதுவும் இதுவரை விழவில்லை, அவர் கருத்தும் விழுந்ததில்லை. இழக்கலாம் என்ற கட்சிக்கு நான். இழந்து இழந்து எடுத்த அனுபவசாலி வேறு யார் இருக்கிறார்?

இதைப் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் சொன்னபோது, தமிழ் படிப்பிக்கும் சைவ நண்பர் சிரித்தார். "உங்களுக்கும் அந்தச் சண்டை வந்திட்டுதே? வைணவர் எப்பவோ தொடங்கினது. குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடிக்க வேணும், விட்டால் விழும். பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும். கடவுளுக்கு முன்னால நாங்கள் எந்தக் குட்டி எண்டதுதான் பிரச்சினை."

"முடிவு என்ன?"

"முடிவே? நாமத்தை ரெண்டு விதமாப் போட்டுக்கொண்டு பிரிஞ்சு போச்சினம்."

அன்று வீடு திரும்பும்போது ஏரிக்கரை மரத்தில் ஒரு குரங்குக்குட்டி தாய் வயிற்றில் தொங்கிக்கொண்டு போனது. அதன் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்து எனக்கு உடன்பிறப்பைக் கண்ட மாதிரி இருந்தது.

ஞாயிறு பின்னேரம் வேதபாடம். முன்னறையில் கதிரைகள், பணிஸ், தேத்தண்ணி. அம்மா வழக்கம்போல மூலையில். அவருக்குக் காது மந்தம் என்பதால் யாரும் குரலைக் குறைப்பதில்லை. இரண்டு கட்சியும் நன்றாகச் சூடானபோது ஒரு புத்திசாலி கேட்டார்: "சரி, நம்ம தாஸை எடுத்துக்குவோம். அவரு நிலைமை என்னா?"

அருள்நாயகம் ஐயா யோசிக்கவே இல்லை. "அது சுலபம். இப்ப இல்லையெண்டால் அவர் அப்பவும் உண்மையா இரட்சிக்கப்படேல்லை."

"அப்பிடிச் சொல்ல ஏலாது" என்று நான் பாய்ந்தேன். தம்பியின் மானத்தைக் காப்பாற்றுகிற வேகம். "உண்மையா இரட்சிக்கப்பட்டான். நான் பக்கத்துல இருந்தேன். அப்புறம் அத இழந்துட்டான்."

வாதத்தில் ஒரு புள்ளி எடுத்துவிட்ட திருப்தியோடு பணிஸைக் கடித்தேன். கடித்த பிறகுதான் உறைத்தது. ஐயாவும் நானும் வெவ்வேறு பஸ்ஸில் ஏற்றினோமே தவிர, தாஸை இரண்டு பேருமே கொண்டுபோய் இறக்கியது ஒரே இடத்தில்.

மூலையைப் பார்த்தேன். அம்மாவின் தேத்தண்ணிக் கோப்பை அப்படியே நிறைந்திருந்தது. அவருக்குக் கேட்டிருந்தது.

தூதுவர்

அந்த மாதமே தாஸுக்கு நெஞ்சுவலி. பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். ஒரு பெண்ணுக்கு வளைவில் வண்டி திருப்பச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் வலி வந்ததாம். "அவங்க ஓட்டுனதுக்கு எனக்கு அவ்வளவுதான் வந்துச்சேன்னு சந்தோஷப்படணும்" என்றான்.

ஒப்பரேஷனுக்கு முந்திய நாள் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நீ போயி அவன ஒரு வார்த்தை சொல்ல வை. ஒரு வார்த்தை போதும். மன்னிச்சிருங்க ஆண்டவரேன்னு. அவ்வளவுதான்."

"நீங்களே சொல்லலாமேம்மா."

"நான் சொன்னா எனக்காகச் சொல்லிருவான். அது செல்லாது."

இறையியல் எங்கிருந்து வருகிறது பாருங்கள்.

பஸ்ஸில் வேதவசனங்களை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். பார்வையாளர் நேரத்துக்கு நான்தான் முதல் ஆள். தாஸ் ஜன்னலோரக் கட்டிலில் சவரம் செய்த நெஞ்சோடு உட்கார்ந்திருந்தான். உரித்த கோழி மாதிரி. என்னைக் கண்டதும் சிரித்தான்.

"அம்மா அனுப்பினாங்களா?"

"இல்லியே. சும்மா வந்தேன்."

"அண்ணே, சும்மா வர்றவன் டை கட்டிக்கிட்டு வரமாட்டான்."

டை கட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

அவனே தொடங்கினான். "வேதபாடத்துல என்னப் பத்திப் பேசினீங்களாமே. நான் அப்ப எழும்புனது பொய்யா?"

"இல்ல. நான் பாத்தேனே."

"அப்ப அது போயிருச்சா?"

"தெரியல்ல தாஸ்."

"போகும்னு சொல்ற கட்சி நீதானே?"

"கட்சி வேற, நீ வேற."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளியே மலைப்பக்கம் மூட்டம் இறங்கியிருந்தது. யாரோ மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"எனக்குப் பயமா இருக்குண்ணே" என்றான். அவன் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டதில்லை. "ஒரு வார்த்தை சொல்லிறது லேசு. ஆனா அது நெஞ்சத் தொறக்கப் போறாங்கங்கிற பயத்துல வர்ற வார்த்தை. ஒருவேளை அவரு இருக்காருன்னு வையி. அவருகிட்டப் போயி அப்பிடி ஒரு பொய்யச் சொல்லலாமா?"

நான் அவன் போர்வையை இழுத்துவிட்டேன். கால் வெளியே வந்துவிட்டது. திரும்பவும் இழுத்தேன்.

பக்கத்துக் கட்டில்

அப்போது செல்வராணி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வரவேண்டாம் என்று சொல்லியும் வந்திருந்தார். கட்டிலருகே வந்து தாஸிடம் நேராகக் கேட்டார்.

"சொன்னியா?"

"இல்லம்மா."

"சொல்லமாட்டியா?"

"மாட்டேம்மா. கோவிச்சுக்காதீங்க."

அம்மா கோபிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குப் பிடித்த சங்கீதத்தைத் தானே சொல்லத் தொடங்கினார். சின்ன வயதில் எங்களைத் தூங்கவைக்கச் சொன்னது. பாதியில் நின்றுவிட்டது. வயது, வேறென்ன. என்னைப் பார்த்தார்.

சபைச் செயலாளர், ஞாயிறு பாடசாலை ஆசிரியர், வேதபாடத்தில் ஒரு கட்சித் தலைவர். எனக்கு அந்த வரி வரவில்லை. அதற்கு முந்திய வரியும் போய்விட்டது. கையில் சுடுதண்ணி ஃபிளாஸ்க்கோடு நின்றேன்.

தாஸ்தான் எடுத்துக் கொடுத்தான். அம்மா அந்த வரியைத் திரும்பச் சொல்லி, அடுத்ததில் மறுபடி நின்றார். அதையும் அவனே சொன்னான். அதற்கடுத்ததையும். பிறகு அவனே சொல்லிக்கொண்டு போனான்.

நடுவில் நிறுத்தி, "நான் நம்பிச் சொல்லல்லம்மா. ஒங்களுக்காகத்தான் சொல்றேன்" என்றான்.

"நீ நம்பாட்டி கெடக்கட்டும். சத்தமாச் சொல்லு, காது கேக்கல்ல."

சத்தமாகச் சொன்னான். அந்தப் பழைய குரல். சந்தையில் தராசுகளைக் கீழே வைக்கவைத்த குரல். செல்வராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முடிந்தபோது பக்கத்துக் கட்டிலிலிருந்து, கண்டியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் தலையைத் தூக்கினார். அவருக்கும் மறுநாள்தான் ஒப்பரேஷன்.

"தம்பி, நல்லா ஓதுறீங்க. மனசுக்கு லேசா இருக்கு. இன்னொருக்கா ஓதுங்களேன்."

தாஸ் அவரைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். "பெரியவரே, நான் இதெல்லாம் விட்டு ரொம்பக் காலம்."

"அதப் பத்தி நான் கேக்கல்லயே."

அவன் இரண்டாம் தடவையும் சொன்னான். இந்த முறை நடுவில் எதையும் விளக்கவில்லை.

வெயில் வந்த நாள்

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. துணிக்கடைப் பெரியவருக்கும் அப்படியே. பிறகு தாஸை எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம்.

நீங்கள் எதிர்பார்க்கிற திருப்பம் எதுவும் வரவில்லை. அவன் பழையபடிதான். போதகர் வந்து ஜெபித்தபோது மரியாதைக்குத் தலை குனிந்தான், ஆமென் சொல்லவில்லை. அருள்நாயகம் ஐயா ஒரு பை நிறையத் தோடம்பழத்தோடு வந்து, கதிரை நுனியில் உட்கார்ந்து, "தம்பி, நான் அண்டைக்குச் சொன்னது ஒரு பொதுவான விளக்கம், நீர் மனசில வச்சிருக்காதேயும்" என்றார். இருவரும் பிறகு வெகுநேரம் கியர் பெட்டிகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வேதபாடத்தைப் போதகர் சத்தமில்லாமல் வேறு தலைப்புக்கு மாற்றிவிட்டார். இப்போது நோவாவின் பேழை. அதிலும் அளவுகளைப் பற்றி ஐயாவுக்கு அபிப்பிராயம் இருக்கிறது.

நீண்ட மழைக்குப் பிறகு ஒரு முற்பகல் நல்ல வெயில் அடித்தது. அம்மா பின்முற்றத்தில் கதிரை போட்டுக் காய்ந்துகொண்டிருந்தார். நான் ஈரத்துணி விரித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அம்மா, தாஸ் விஷயத்துல ஒங்களுக்குப் பயமா இல்லியா?"

"இருந்துச்சு. நீயும் அந்த ஐயாவும் சேந்து அவன நரகத்துக்கு அனுப்பி வச்ச அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல்ல."

நான் ஒரு தலையணை உறையை அளவுக்கு மேல் கவனமாக உதறினேன்.

"அப்புறம், ஒப்பரேஷனுக்கு அவன உள்ள தள்ளிக்கிட்டுப் போன பொறகு வெளியே உக்காந்திருந்தேன்ல, அப்ப சொல்லிட்டேன்."

"யாருகிட்ட?"

"யாருகிட்டச் சொல்லுவாங்க? ஆண்டவருகிட்டத்தான்."

"என்னான்னு?"

"எம்மவன் பரலோகத்துல இல்லன்னா எனக்கும் அந்த எடம் வேணாம்னு. எனக்குக் குடுத்தத நீங்களே திருப்பி எடுத்துக்குங்கன்னு."

வெயிலில் நின்றபடி எனக்குக் குளிர்ந்தது. வாழ்நாள் முழுக்கப் போய்விடுமோ போய்விடுமோ என்று மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தவன் நான். இவர் அதை மடியிலிருந்து எடுத்து நீட்டியிருக்கிறார். என் கட்சிக் கொள்கைப்படி இது மிக ஆபத்தான காரியம்.

"அம்மா! அப்பிடியெல்லாம் பேசக் கூடாது. அவரு அத நெசமா எடுத்துக்கிட்டா? நீங்களும் அங்க போகாம ஆயிருமே."

குசினி ஜன்னலில் செல்வராணியின் தலை தெரிந்தது. "மாமி இல்லாத இடத்துக்கு நீங்கள் தனியப் போய் என்ன செய்யப்போறியள்? ஒரு தேத்தண்ணி ஊத்தத் தெரியுமே உங்களுக்கு?"

உள்ளறையில் தாஸ் சிரிப்பது கேட்டது. தையல் இழுத்திருக்க வேண்டும், சிரிப்போடு ஒரு முனகலும் வந்தது. நான் துணிகளை விட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் குந்தினேன்.

"அதுக்கு அவரு என்னாம்மா சொன்னாரு?"

அம்மா கதிரையைக் கொஞ்சம் நகர்த்தி, காயாத தோளை வெயிலுக்குக் காட்டினார்.

"இன்னும் ஒன்னும் சொல்லல்ல. யோசிக்கிறாரு போல."